பழைய குழாயை மறுபடி மாட்டச் சொன்ன நாள்

என் மனைவி இறந்த எட்டாவது மாதத்தில், அவளுடைய காருக்குப் புதுச் சக்கரங்களும் டயர்களும் புகைக்குழாய்த் தொகுதி முழுவதும் வாங்கிப் போடுவதென்று முடிவு செய்தேன். உறவினர்களில் சிலர் இதை அன்பு என்றார்கள். சிலர் வயதான காலத்தில் தனியாக இருப்பவனுக்கு வரும் தடுமாற்றம் என்றார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் உண்மையான காரணத்தைச் சொல்ல நேர்ந்திருக்கும். பழைய புகைக்குழாயை யாருக்கும் சந்தேகம் வராமல் கழற்றிப் பார்ப்பதற்கு எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். எஞ்சின் முன்னால் இல்லாமல் இருக்கைகளுக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருக்கும். செங்கல்பட்டில் பெண்களுக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த என் மனைவி, ஓய்வுபெற்ற மறு மாதமே அதைப் பழைய வண்டியாக வாங்கினாள். முப்பத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் அவளுக்குக் காரின்மேல் இப்படியொரு ஆசை இருந்தது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கேட்டதற்கு, "நீங்க கேக்கல, நான் சொல்லல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறரைக்குக் கிளம்புவோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புதுப்பட்டினம். பிறகு திரும்பி வீடு. நம் ஊர் வேகத்தடைகள் எல்லாம் அந்த வண்டியின் வயிற்றுக்குக் குறிவைத்தே கட்டப்பட்டவை போலிருக்கும். ஒவ்வொன்றையும் அவள் குறுக்காக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவாள். பின்னால் வரும் பேருந்துக்காரர் ஹாரனை விடாமல் அழுத்துவார். அவள் கண்ணாடியில் பார்த்து, தாமதமாக வந்த மாணவியிடம் காட்டும் அதே புன்னகையைக் காட்டுவாள்.

இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, வண்டியில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும் என்றாள். எடை குறைந்த அலாய் சக்கரங்கள், சாலையை நன்றாகப் பற்றும் டயர்கள், துருப்பிடிக்காத எஃகில் புதுப் புகைக்குழாய். ஒரு கிலோவை வண்டியின் உடலில் குறைப்பதும் சக்கரத்தில் குறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அரைப்பக்கம் கணக்குப் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கணக்கில் பிழையில்லை. நான் மறுத்தேன். குரலை உயர்த்தவில்லை, எனக்கு அது பழக்கமில்லை. கடலோரத்து ஆலையொன்றில் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளைச் சோதிப்பதே என் முப்பத்தைந்து ஆண்டுப் பணி. முனைவர் பட்டமும் அதில்தான். ஆகவே வரிசையாக ஐந்து காரணங்கள் சொன்னேன். ஐந்தும் தர்க்கரீதியானவை. அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி மூன்று மாதம் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ முடியாததால் நான் உடன் போவதை நிறுத்திக்கொண்டேன். அவள் தனியாகப் போய்வந்தாள். அந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை என்னிடம் சொன்னாள்:

"வண்டிக்குள்ள புகை வாசனை வருது. அந்தக் குழாயை மட்டுமாவது மாத்திடலாமே."

முதல் முறை நான் பதில் சொன்னதாக நினைவில்லை. இரண்டாம் முறை செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்: "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். கண்ணாடிய இறக்கிவிட்டுட்டு ஓட்டு."

அதற்கடுத்த ஞாயிறோ, அதற்கும் அடுத்ததோ, ஒன்பதரைக்கு வீடு திரும்பியவள் தலை கனமாக இருக்கிறது என்று படுத்தாள். பதினொரு மணிக்கு எழுப்பப் போனேன். எழவில்லை. வந்த மருத்துவர் அவளுடைய பழைய இதயப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். நான்கு ஆண்டுகளாகவே துடிப்பில் ஒழுங்கின்மை இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார். அதை ஐயப்பட எவருக்கும் காரணமில்லை, என்னைத் தவிர.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், பலவீனமான இதயம் முதலில் நிற்கும். குழாயில் விரிசல் விழுந்து, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் எங்காவது இடைவெளியும் இருந்தால், அது உள்ளே வரும். இதைவிட மோசமான ஒன்றுண்டு. ஓடும் வண்டியில் கண்ணாடியை இறக்கினால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பின்பக்கத்துப் புகை முன்னால் இழுக்கப்படக்கூடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அன்றே நினைவுக்கு வந்திருக்கும். நான் யோசிக்காமல் சொன்ன அறிவுரையை அவள் கடைப்பிடித்தாள்.

அந்த வாயுவால் இறந்தவர்களின் முகம் சிவந்திருக்கும் என்பார்கள். அவள் முகம் சிவந்திருந்ததா என்று எட்டு மாதமாக நினைவுபடுத்திப் பார்த்தேன். மாலையும் மஞ்சளும் குங்குமமும்தான் நினைவுக்கு வந்தன. முகம் வரவில்லை.

மெக்கானிக்கின் பட்டறை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி, சிற்பக்கூடங்களின் வரிசையில் இருக்கிறது. காலையிலிருந்தே இருபுறமும் உளிச்சத்தமும் கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கேட்கும். அவருக்கு நாற்பது வயதிருக்கும். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். டிராக்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு காருக்கு வந்தவர். டயர் கழற்றி மாட்டுவது, சக்கரத்தைச் சமன்செய்வது இரண்டும் அவர் மனைவியின் பொறுப்பு. என் மனைவியின் வண்டியை வாங்கிய நாள் முதல் கவனித்தவர்கள் அந்த இருவரும்தான். அவர்களுக்கு அவள் 'டீச்சரம்மா'.

என் மனைவி எழுதிவைத்திருந்த அளவுகளையே கொடுத்துப் பொருள்களை வரவழைத்தேன். சத்தம் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டக்கூடாது என்று தனியாக ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். மெக்கானிக் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சவுண்டு பூனை மாதிரி இருக்கும் சார், பயப்படாதீங்க" என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். பழைய குழாயை நான் வந்த பிறகே கழற்ற வேண்டும். அவர் காரணம் கேட்கவில்லை.

குறித்த நாளன்று ஒன்பது மணிக்குப் போய் இறங்கினேன். எட்டு மாதம் போர்வைக்குள் கிடந்த வண்டி, கடையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது போல் பளபளவென்று நின்றது. புதுச் சக்கரங்களும் டயர்களும் ஏற்கெனவே ஏறியிருந்தன. நான்கு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, மெக்கானிக்கின் மனைவி கற்பூரத் தட்டோடு காத்திருந்தார்.

"வாங்க சார். நல்ல நேரம் முடியறதுக்குள்ள நகத்திடணும்னு பாத்துகினு கீறேன். யோவ், ஏறுய்யா. மெதுவா எடு."

மெக்கானிக் மெதுவாக எடுக்கவில்லை. புது டயர் பழத்தின்மேல் ஏறியதும் சாறு பீறிட்டு என் கால்சட்டையில் முழங்கால் வரை தெளித்தது.

"மெதுவான்னு சொன்னேனா இல்லியா? சாரு மேல அடிச்சிட்ட பாரு! டிராக்டருன்னு நெனப்பா?"

"இன்னாமே, லேசாத்தான் மிதிச்சேன். புது டயரு, கிரிப்பு ஜாஸ்தி."

"கிரிப்பு டயருக்கு ஜாஸ்தி, மூளைக்கு கம்மி. சார், கெணத்துத் தண்ணி கீது, கொஞ்சம் நனைச்சி விடுங்கோ, கறை ஆவாது."

நான் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டேன். இதுவரை எதுவும் தவறாகப் போகவில்லை. வண்டியை உயர்த்தும் லிஃப்ட்டில் ஏற்றி, பழைய குழாய்த் தொகுதியைக் கழற்றிக் கோணிமேல் கிடத்தினார்கள். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் பகுதியை மேனிஃபோல்டு என்பார்கள். நான்கு சிறு குழாய்கள் கூடி ஒன்றாகும் அந்த இடத்தில், வெல்டிங்கின் ஓரமாக, ஒரு விரிசல் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தின் இரண்டு மடங்கு நீளம்.

"வேகத்தடை, சார். அடி வாங்கி வாங்கி விட்டுகினு கீது" என்றார் மெக்கானிக். குரலில் வழக்கமான எக்களிப்பு இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விரிசலைப் படிப்பது என் தொழில். முறிந்த பரப்பின் நிறம், படிந்த துரு இவற்றைக்கொண்டு அது எப்போது விழுந்தது, எப்படி வளர்ந்தது என்று சொல்ல முடியும். ஆனால் எட்டு மாதம் உப்புக்காற்றில் கிடந்த இரும்பு எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கியிருந்தது. சரி, விரிசலைவிட முக்கியமான சாட்சி ஒன்றுண்டு. கசிந்த புகை போகும் வழியெல்லாம் கரி படியும். தடுப்புத் தகட்டில் கரியின் தடத்தைப் பார்த்தால், புகை இருக்கைப் பக்கம் போனதா, கீழே சாலையோடு போனதா என்பது தெரிந்துவிடும். கை விளக்கை வாங்கிக்கொண்டு தகட்டைப் பார்த்தேன்.

தகடு கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது.

"இதை யாராவது துடைச்சீங்களா?"

மெக்கானிக்கின் மனைவி முகம் மலர்ந்து முன்னால் வந்தார். "நான்தான் சார். நேத்து முச்சூடும் அதே வேல. டீசல் ஊத்தி, பிரஷ்ஷு போட்டு, சோப்புத் தண்ணி அடிச்சி... டீச்சரம்மா வண்டிக்குப் புதுசு போடுறோம், பூச பண்றோம், அழுக்கோடவா பண்றது? எஞ்சினு சந்து பொந்துல்லாம் கையவுட்டுத் தேச்சேன். ஒரு பொட்டு கரி இருக்காது, பாருங்கோ."

ஒரு பொட்டுக் கரியும் இல்லை. எட்டு மாதமாக நான் பார்க்க விரும்பியதும் பார்க்க அஞ்சியதுமான அந்த ஒரே தடயத்தை, பூசைக்கு முன் வண்டியைக் குளிப்பாட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்த அம்மா நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவியிருந்தார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? பிறகு சுவரோரம் கிடந்த பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து எழுந்து மெக்கானிக்கிடம் சொன்னேன்: "பழைய குழாயை மறுபடி மாட்டுங்க."

அவர் என்னையே பார்த்தார். "புதுசு டப்பால கீது சார். பிரிச்சி வெச்சிக்கீறேன்."

"தெரியும். முதல்ல பழசை மாட்டுங்க. ஒரு சோதனை செய்யணும்."

"யோவ்" என்றார் அவர் மனைவி தாழ்ந்த குரலில், எனக்குக் கேட்காது என்று நினைத்து. "சாருக்கு எதுனா குடிக்கக் குடு. வெயில்ல வந்துகீறாரு."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். மாட்டி முடித்ததும், கேட்காமலேயே அவர் தன் சோதனையை முதலில் செய்தார். புகைக்குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. மூடியுள்ள தகர டப்பாவில் கனன்ற கரி போட்டு, அதன்மேல் சாம்பிராணி தூவி, சிறு ஊதியால் அந்தப் புகையைப் பின்பக்கத்திலிருந்து குழாய்க்குள் செலுத்துவார். எங்கே வெள்ளைப் புகை கசிகிறதோ அங்கே ஓட்டை. பட்டறை முழுவதும் சாம்பிராணி மணத்தது.

"இன்னாய்யா இது, வண்டிக்குத் தலைக்கு ஊத்திட்டு சாம்பிராணி காட்டுறியா? நம்ம கொழந்த பொறந்தப்பகூட இத்தினி பொக நீ போடல."

"சும்மா கெடமே. டெஸ்ட்டு."

விரிசலிலிருந்து வெள்ளை நூல்போலப் புகை கிளம்பியது. அது கீழ்நோக்கியே போயிற்று. இருக்கைப் பக்கம் ஒன்றும் வரவில்லை. மெக்கானிக் நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். எனக்கு அது போதவில்லை. குளிர்ந்த இரும்பின் விரிசல் வேறு, சூடேறிய இரும்பின் விரிசல் வேறு. நிற்கும் வண்டி வேறு, ஓடும் வண்டி வேறு. அவள் இங்கே நிற்கவில்லை, ஓட்டிக்கொண்டு போனாள்.

பையிலிருந்து சிறிய கருவி ஒன்றை எடுத்தேன். காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்பதை எண்ணாகக் காட்டும். ஆபத்தான அளவைத் தொட்டால் கூவும். கரியின் தடயம் தெளிவாக இல்லாவிட்டால் தேவைப்படும் என்று வாங்கி வைத்திருந்தேன். முதலில் கருவியையே சோதித்தேன். எஞ்சினை ஓடவிட்டு, பின்குழாயின் வாயருகே நீட்டினேன். பக்கத்துக் கூடத்துச் சிற்பிகள் உளியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கூவியது. பிறகு அதை ஓட்டுநர் இருக்கையின் தலைச்சாய்ப்பில், அவள் மூக்கு இருந்திருக்கும் உயரத்தில் கட்ட வேண்டும் என்றேன். கயிறு தடித்திருந்தது. மெக்கானிக்கின் மனைவி தன் கூடையிலிருந்து பூக்கட்டும் வாழைநாரைக் கிழித்துக் கொடுத்தார். அவர் இப்போது எதையும் கேலி செய்யவில்லை.

மெக்கானிக் ஓட்டுவது, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைக் குறிப்பது, அவள் போன சாலையிலேயே புதுப்பட்டினம் வரை போவது என்று ஏற்பாடு. முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கடைசியாக உட்கார்ந்த அதே இருக்கை. புது டயர்களின் ஓட்டம் மென்மையாக இருந்தது. அவளுடைய அரைப்பக்கக் கணக்குச் சரியானது என்பது முதல் வளைவிலேயே தெரிந்தது.

முதலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டினோம். பூஜ்யம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இடப்பக்கம் சவுக்குத் தோப்புகளின் நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. இருபது நிமிடம் ஆன பிறகு, இரும்பு நன்றாகச் சூடேறியிருக்கும் என்று தோன்றியபோது, சொன்னேன்:

"இப்ப கண்ணாடிய இறக்குங்க. ரெண்டு பக்கமும்."

அவர் இறக்கினார். காற்று காதில் அறைந்தது. கருவியை நேராகப் பார்க்க எனக்குச் சில விநாடிகள் பிடித்தன. பூஜ்யம். வேகத்தைக் கூட்டச் சொன்னேன். பூஜ்யம். குறைக்கச் சொன்னேன். பூஜ்யம். ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் ஏற்றச் சொன்னேன்.

"சார், இன்னா தேடுறீங்கன்னு சொன்னா நானும் தேடுவேன்."

"ஓட்டுங்க."

சதுரங்கப்பட்டினம் அருகே பேருந்து ஒன்று திரும்புவதற்காக நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பின்னாலிருந்து காற்றடித்தது. அப்போது அந்த வாசனை வந்தது. கருகிய எண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த, மெல்லிய, தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லாத புகை வாசனை. அவள் சொன்னது உண்மை. இரண்டு முறை சொன்னாள், இரண்டு முறையும் உண்மை.  கருவியைப் பார்த்தேன். இரண்டு. பிறகு மூன்று. நான்கு. பிறகு மூன்று. பேருந்து விலகியது, வண்டி நகர்ந்தது, பத்து விநாடியில் மறுபடி பூஜ்யம்.

நான்கு என்பது ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தலைவலி வருவதற்கே அதைப் போலப் பல மடங்கு வாயுவை மணிக்கணக்கில் சுவாசிக்க வேண்டும். ஆனாலும் நான் அந்த இடத்துக்கு மூன்று முறை திரும்பிப் போகச் சொன்னேன். மூன்று முறையும் நின்றோம். மூன்று முறையும் வாசனை வந்தது. எண் ஐந்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஜல்லி ஏற்றிய லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டபோது மட்டும் ஒன்பது காட்டியது.

"லாரிக்காரனுக்கு நம்ம ஓட்டச் சைலன்சரே தேவலை போல கீது" என்றார் மெக்கானிக். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மனம் அப்போதும் ஓர் ஆட்சேபத்தைத் தேடியது. இன்று நான்கு என்றால் அன்றும் நான்கா? அதற்கு விடை என் தொழிலிலேயே இருந்தது. உலோகத்தில் விழுந்த விரிசல் வளரும், ஒருபோதும் சுருங்காது. தடுப்புத் தகட்டின் ரப்பர் அடைப்புகள் காய்ந்து விலகும், தாமாக இறுகாது. எட்டு மாதத்தில் வண்டி மோசமாகியிருக்க முடியுமே தவிர மேம்பட்டிருக்க முடியாது. இன்று கொல்லாத வண்டி அன்றும் கொல்லவில்லை. வரிவரியாக இன்னொரு முறை சரிபார்த்தேன். எங்கும் பிழையில்லை. நோட்டை மூடினேன்.

"ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். அவரிடம் சொன்னேன். அவள் கேட்டது, நான் மறுத்தது, கண்ணாடியை இறக்கச் சொன்னது, அந்தக் காலைத் தலைபாரம் எல்லாவற்றையும் ஓர் அறிக்கையை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். இந்த விரிசல் அவளைக் கொல்லவில்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது என்றும் சொன்னேன். மெக்கானிக் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"நெசமாவா சார்? நல்லா பாத்துட்டீங்களா?"

"நல்லா பார்த்துட்டேன்."

"எங்கிட்டயும் சொன்னாங்கோ சார். அம்மா. பொக வாசன வருதுன்னு." அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கு லிஃப்ட்டு ரிப்பேரு. குனிஞ்சி கீழ பூந்து பாத்திருக்கலாம். பாக்கல. 'ஒண்ணும் ஆவாதும்மா, ஓட்டுங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் சேதி வந்துச்சி. அதுலேர்ந்து பேஜாரு சார். வூட்டுல அவகிட்டகூட சொல்லல. பழசு நீங்க வந்துதான் கழட்டணும்னு சொன்னீங்கோ பாருங்க, அன்னிக்கே புரிஞ்சிச்சி. சாரு நம்மளப் புடிக்க வராருன்னு நெனச்சேன்."

எட்டு மாதம் செங்கல்பட்டில் ஒருவனும் மாமல்லபுரத்தில் ஒருவனும் ஒரே குற்றத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் மற்றவர் சுமை பாதியாகியிருக்கும்.  அவர் தோளில் கை வைத்தேன். அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்தார். கையில் இருந்த கிரீஸ் கன்னத்தில் ஏறியது.

"சார், நாஸ்தா துன்னீங்களா?"

"இல்லை."

"நானும் துன்னல. வாங்க, போவலாம்."

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மதியச் சாப்பாடு அப்போதுதான் போட ஆரம்பித்திருந்தார்கள். இலையில் சோறும் வஞ்சிரம் மீன் குழம்பும் வந்தன. எட்டு மாதமாகச் சாப்பாடு எனக்கு மாத்திரைக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையாக இருந்தது. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். பரிமாறியவர் குழம்பு வாளியோடு வந்து, "பெரியவருக்கு நல்ல பசி போல" என்றார். மெக்கானிக் இலையிலிருந்து நிமிராமல், "ஊத்துங்க, ஊத்துங்க" என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் மனைவி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாய்யா, மூஞ்சில்லாம் கிரீஸு? வண்டி எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்ப ஏன் இளிச்சிகினு வர?"

"மீன் கொழம்பு சாப்ட்டோம்."

"எனக்கு?"

அவர் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார். "சார், இப்ப புதுச மாட்டலாமா?" என்றார். மாட்டலாம் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கேள்விக்கு என் மனைவி உயிரோடு இருந்தபோது இதே பதிலைச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அது வலித்தது. ஆனால் அது வேறு வலி. மனைவியின் ஆசையை மறுத்த கணவன்மார்களுக்கெல்லாம் பொதுவான வலி. அதோடு வாழ முடியும் என்று தோன்றியது.

புதுக் குழாய்த் தொகுதி வெள்ளிபோல் மின்னியது. பழக்க தோஷத்தால் ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் போல்ட்டுகளை முறுக்க ஆரம்பித்ததும் வெளியே வந்து, பக்கத்துச் சிற்பக்கூடத்தின் வாசலில் கிடந்த கருங்கல் பாளத்தின்மேல் உட்கார்ந்து, என் மகளை அழைத்தேன். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே காலை நேரம்.

"என்னப்பா, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா போனது இதயத்தாலதான்."



"அது எனக்குத் தெரியுமேப்பா. நீங்க வேற என்ன நெனச்சீங்க?"

சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருந்தது. கடைசியில் வாசனை உண்மைதான் என்பதையும், அம்மா சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். மகள் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை இத்தனை மாசமா தனியா வெச்சிட்டிருந்தீங்களா?" என்றாள். 

"அப்பா, அம்மா போனதுலேர்ந்து அவளைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் பேச்செடுத்தாலும் மாத்திடுவீங்க. எனக்கு அவ்ளோ கோவம் உங்க மேல."

அது உண்மை. ஒவ்வொரு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளையல்ல, என்னைத்தான். அவளுடைய சாவில் என் பங்கு என்ன என்ற ஒரு கேள்வி அவள் இருக்க வேண்டிய இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி போனபின் அந்த இடம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவள் அங்கேதான் இருந்தாள்.

"என்ன பேசணும்?" என்று கேட்டேன்.

"எதையாவது. எனக்குத் தெரியாதது எதையாவது."

யோசித்தேன். கல்யாணமான புதிதில், தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தபோது, என் மேலதிகாரி விருந்துக்கு வந்த நாளில் அவள் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டதையும், அந்த மனிதர் பதவி மரியாதைக்காக ஒரு டம்ளர் முழுவதையும் குடித்து முடித்ததையும், அவர் போனபின் இவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். மகள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். உள்ளே எஞ்சின் உயிர்பெற்றது. புதுக் குழாயின் சத்தம் தாழ்ந்து, சீராக, உளிச்சத்தத்துக்கு அடியில் ஓடியது. மெக்கானிக் வாசலில் வந்து நின்று, "சார், வந்து சவுண்டு கேளுங்க" என்று கூப்பிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று கையைக் காட்டினேன்.